இறுகிப்போனதும் கெட்டுப்போனதும்



இந்த வாரம் உங்களை ஒரு தகரக் கொட்டகைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், இடப்புறம் ராஜகிரியும் வலப்புறம் கிருஷ்ணகிரியும் எழுந்து நிற்பதை உங்களில் பலர் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் ஆட்சியோடு தொடர்புடைய பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை எங்கள் செஞ்சிதான். அதைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. நான் சொல்லும் கொட்டகைக்கு அப்படி யாரும் வருவதில்லை. வாசலில் ஒரு முருங்கைமரம். உள்ளே மண்ணெண்ணெய் வாடை. அவ்வளவுதான்.

அந்தக் கொட்டகை எங்கள் சபையின் மூப்பர் ஒருவருடையது. இந்திய விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர், எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். தம் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே மூப்பர் என்றே அழைக்கிறேன். அவர் பழைய விமான என்ஜின் உறுப்புகளைச் சேர்த்துவைத்துச் செப்பனிடுகிறார். ஒரு முழு என்ஜின் அவரிடம் இல்லை, அதில் கால்பங்குகூட இல்லை. மூன்று சிலிண்டர்கள், சில பிஸ்டன்கள், இரண்டு மேக்னட்டோக்கள், ஒரு கார்புரேட்டரின் உடற்பகுதி, தேங்காய்நார்க் கயிற்றில் தொங்கும் இணைப்புத் தண்டுகள். எல்லாம் சென்னைக் காயலாங்கடைகளில் எடைக்கு வாங்கியவை. அலுமினியத்தின் விலையும் இரும்பின் விலையும் தனித்தனியே பேசி வாங்கினாராம்.

அவை அனைத்தும் ஒரே வகை என்ஜினுடையவை. அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தார் செய்த ட்வின் வாஸ்ப் என்பது அதன் பெயர். பூவிதழ்போல் வட்டமாக ஏழு சிலிண்டர்கள், அவற்றின் பின்னே இன்னும் ஏழு, ஆகப் பதினான்கு. 30 லிட்டர் கொள்ளளவு. 1,200 குதிரைத்திறன். விமானங்களுக்கென்று செய்யப்பட்ட பிஸ்டன் என்ஜின்களில் இதைவிட அதிகமாகச் செய்யப்பட்டது வேறில்லை, 1,73,000-க்கும் மேல். டகோட்டாவைத் தூக்கியது இதுதான். இரண்டாம் உலகப்போர் நாட்களில் சென்னைக்கு வடமேற்கே செங்குன்றம் ஏரியில் இறங்கி ஏறிய கேட்டலினா நீர்விமானங்களைத் தூக்கியதும் இதுதான். நான்கு என்ஜின்கள் கொண்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தில் இருந்ததும் இதுவே. அத்தனை ஆயிரம் செய்தும், இன்று ஒரு நல்ல சிலிண்டர் கிடைப்பது அரிதாயிருக்கிறது. போருக்குப் பின் அவற்றை உருக்கிப் பாத்திரம் செய்துவிட்டோம்.

இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று நானும் கேட்டேன். மூன்று சிலிண்டர்களில் நல்ல ஒன்றைத் தேர்ந்து, ஒரு சட்டத்தில் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன் மேலும் கீழும் போய்வர, வால்வுகள் முறைப்படி திறந்து மூடும்படி செய்யவேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து சுற்றிப் பார்க்கவேண்டும். இதுதான் அவருடைய ஆசை. எளிய ஆசைதான். ஆனால் தேர்ந்தெடுத்த சிலிண்டரில் பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தது. எத்தனை ஆண்டு மழையில் கிடந்ததோ, எஃகுச் சுவரும் அலுமினியப் பிஸ்டனும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அசைய மறுத்தன.

மற்றவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இந்தப் பிஸ்டனுக்கு வருகிறேன்.

மூப்பர் ஒரு உறுப்பைக் கையில் எடுத்தால் முதலில் குறை தேடுவதில்லை. பழுது பார்க்கிறவர் பழுதைத்தானே முதலில் பார்ப்பார் என்று நான் எண்ணியிருந்தேன். அவரோ கோடுபோட்ட ஒரு நீள நோட்டை எடுத்து, எது இன்னும் நன்றாயிருக்கிறதோ அதை எழுதுகிறார். புரை தேயவில்லை, வால்வு இருக்கை நலம், பிளக் துளையின் மரை நலம். பிறகுதான் மற்றது. விரிசல் பார்க்க அவரிடம் இயந்திரம் ஏதுமில்லை. பழைய முறை ஒன்று இருக்கிறது. மண்ணெண்ணெயைத் தடவிச் சற்றுப் பொறுத்து, துடைத்துக் காயவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைத் தூவுகிறார். விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெண்தூளில் ஒரு கருங்கோடு போடும். மயிரிழை விரிசலும் தப்பாது. இன்று விமானத் தொழிற்சாலைகளில் சிவப்புச் சாயத்தை வைத்துச் செய்வதும் இதே தத்துவம்தான் என்றார்.

வெளியேற்று வால்வை நான் அறுத்துப் பார்க்கலாமே என்றபோது மட்டும் குரலை உயர்த்தினார். அதன் தண்டு உள்ளீடற்றது. உள்ளே சோடியம் என்ற உலோகம் இருக்கிறது. என்ஜின் சூட்டில் அது உருகி மேலும் கீழும் ஓடி, வால்வின் தலையில் ஏறிய வெப்பத்தைத் தண்டுக்குக் கொண்டுவந்து இறக்குகிறது. அறுத்த இடத்தில் தண்ணீர் பட்டால் தீப்பற்றும். எண்பது வயதில் கண்ணுக்குப் புரை விழுந்திருந்தாலும், எதை அறுக்கலாம் எதை அறுக்கக்கூடாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இப்போது என் தவற்றைச் சொல்லவேண்டும்.

பிஸ்டனை விடுவிக்க அவர் செய்துவந்த வழி என் பொறுமையைச் சோதித்தது. ஒவ்வொரு காலையும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து பிஸ்டனைச் சுற்றி ஊற்றுவார். பகலில் சிலிண்டரைக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள பாறைமீது வெயிலில் வைப்பார். செஞ்சிப் பாறையின் சூடு உங்களுக்குத் தெரிந்ததே. பங்குனி மாதத்தில் நடுப்பகலில் ராஜகிரி படிகளில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மாலையில் உள்ளே கொண்டுவந்து குளிரவைப்பார். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும், இருமடங்கு சுருங்கும். வெயிலில் விரிந்து இறுகி, இரவில் சுருங்கி விலகும்போது எண்ணெய் ஓர் இழை உள்ளே இறங்கும். நாள்தோறும் ஓர் இழை. பிறகு மரச்சுத்தியால் இரண்டு தட்டு. அசையவில்லையென்றால் நாளைக்கு. இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று.

பிப்ரவரியில் ஒரு நாள் அவர் கண் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பிவரும்போது பிஸ்டன் வெளியே வந்திருந்தால் எவ்வளவு மகிழ்வார் என்று எண்ணினேன். அப்படி எண்ணியதாக நம்பினேன் என்பதே சரி. உண்மையில் எனக்கு அலுத்துப்போயிருந்தது. மரச்சுத்தியை வைத்துவிட்டு இரும்புச் சம்மட்டியை எடுத்தேன். நான்காவது அடியில் கை வழுக்கியது. சிலிண்டரின் தலையைச் சுற்றி, காற்றுப்பட்டுக் குளிரும்படி அடுக்கடுக்காக வார்த்திருக்கும் மெல்லிய தகடுகளில் இரண்டு, முறுக்கு ஒடிவதுபோல் ஒடிந்து விழுந்தன. பிஸ்டன் அசையவில்லை.

மாலையில் அவர் வந்தார். சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எனக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும். ஒடிந்த துண்டுகளைத் தரையிலிருந்து விரலால் தடவி எடுத்தார். ஒரு தீப்பெட்டிக்குள் வைத்தார். நோட்டைத் திறந்து, கண்ணருகே பிடித்து, தேதியிட்டு எழுதினார்: குளிர்தகடு இரண்டு ஒடிவு. காரணம், அவசரம். கை, போதகர்.

“இதை எழுதத்தான் வேண்டுமா ஐயா?” என்றேன்.

“எழுதாம விட்டா அது வேற என்ஜின் ஆயிடும் ஐயா” என்றார்.

அது எனக்கு அன்று புரியவில்லை. பிறகு விளக்கினார். விமான என்ஜின் ஒவ்வொன்றுக்கும் அது பிறந்த நாள்முதல் ஒரு பதிவேடு உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது பிரித்துப் பார்த்தார்கள், எந்த உறுப்பை மாற்றினார்கள், மாற்றிய உறுப்பு எந்த என்ஜினிலிருந்து வந்தது, கையொப்பம் யாருடையது, எல்லாம் அதில் இருக்கும். பழுதுபட்ட என்ஜினைப் பறக்கவிடுவார்கள். பழுது எழுதப்பட்டிருந்தால், சரிசெய்யப்பட்டிருந்தால். பதிவேடு தொலைந்த என்ஜின், பார்வைக்கு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், மீண்டும் முழுதும் பிரித்து அளந்து பார்க்கும்வரை யாரும் அதன்கீழ் உயிரை வைக்கமாட்டார்கள். பழைய என்ஜின்களைச் சேர்க்கிறவர்கள் சிலர் வடுவை மறைத்து வண்ணமடித்துப் புதிதுபோல் காட்டுவதில் அவருக்கு மிகுந்த வருத்தம். மாற்றியதை மறைக்காதே என்பது அவருடைய கொள்கை.

ஏன் பலாத்காரம் கூடாது என்பதற்கு அவர் சொன்ன மற்றொரு செய்தியையும் நீங்கள் கேட்கவேண்டும். இந்த வட்ட என்ஜின் நின்றுகிடக்கும்போது, எண்ணெய் மெல்ல வடிந்து கீழ்ப்புறச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். எண்ணெயை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. ஆகையால் என்ஜினைக் கிளப்புமுன் ஆட்கள் சுழல்விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் தடைபட்டால் உடனே நிறுத்தவேண்டும். கீழ்ச்சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்கவேண்டும். அதைச் செய்யச் சோம்பி, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஓங்கித் தள்ளினால் விசிறி சுற்றிவிடும். என்ஜினும் ஓடும். உள்ளே இணைப்புத் தண்டு ஒன்று ஒரு நூலளவு வளைந்திருக்கும். அது அன்று உடையாது. பல மணி நேரம் பறந்தபின், தள்ளியவர்கள் யாரென்று எல்லாரும் மறந்தபின், ஆகாயத்தில் உடையும்.

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒடிந்த தகட்டை நினைத்தல்ல. அதற்கு மூன்று மாதத்துக்கு முன் நான் சொன்ன ஒரு சொல்லை நினைத்து.

எங்கள் சபையில் ஒரு தாய். அவருடைய மகனுக்கு இருபத்தாறு வயது. லேத் பட்டறையில் வேலை கற்றவன். குடி அவனைப் பிடித்துக்கொண்டது. அவனை இரண்டு முறை சிகிச்சைக்கு அழைத்துச் சென்றோம். இரண்டு முறையும் சில வாரங்கள் நன்றாயிருந்தான், பிறகு விழுந்தான். மூன்றாம் முறை அந்தத் தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, “இனி நான் செய்வதற்கு ஒன்றுமில்லை அம்மா” என்று சொன்னேன். களைப்பில் சொன்ன சொல். அவன் அதைத் தெருவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பின்னர் தெரியவந்தது.

மறுநாள் மூப்பரிடம் இதைச் சொன்னேன். அவர் அறிவுரை ஏதும் கூறவில்லை. “எனக்குக் கண்ணு போகுது. மைக்ரோமீட்டரைப் படிக்கத் தெரிஞ்ச கை ஒண்ணு வேணும். லேத்துல நின்னவன்னா படிப்பான். வரச்சொல்லுங்க” என்றார்.

நான் போய் அழைக்கவேண்டியதாயிற்று. அவன் என்னைப் பார்க்காமல், என் தோளுக்கு அப்பால் எதையோ பார்த்தபடி கேட்டுக்கொண்டான். இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை கொட்டகைக்கு வந்தான்.

முதல் நாள் மூப்பர் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. கான்பூர் கதையைச் சொன்னார். அதை நானும் உடனிருந்து கேட்டேன். உங்களுக்கும் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் நம் நாட்டில் நடந்த இந்தக் காரியத்தை அறிந்தவர்கள் குறைவு.

போர் முடிந்தபோது, பிரிட்டிஷ் விமானப்படையிடம் இருந்த அமெரிக்க லிபரேட்டர் விமானங்கள் பல கான்பூரில் நிறுத்தப்பட்டிருந்தன. கடன்-குத்தகை ஒப்பந்தப்படி வந்த விமானங்கள் அவை. போருக்குப்பின் அவற்றை வேறெவரும் பயன்படுத்தலாகாது. ஆகவே வேண்டுமென்றே அழித்தார்கள். உடற்கூட்டின்மேல் லாரிகளை மோதினார்கள், கோடரியால் தகட்டைக் குத்திக் கிழித்தார்கள், அளவுமானிகளை நொறுக்கினார்கள், என்ஜின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள். இனி எவனாலும் பறக்கவைக்க முடியாது என்று உறுதிசெய்துகொண்டபின் விட்டுப்போனார்கள். அவை புல்லில் கிடந்தன.

நாடு விடுதலையடைந்தது. விமானப்படைக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. வாங்கப் பணம் இல்லை. 1948-இல் பெங்களூரு ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய தொழிற்சாலை அது. போர்க்காலத்தில் 1943 முதல் அமெரிக்க இராணுவத்தின் பொறுப்பில் இயங்கியபோது, இதே ட்வின் வாஸ்ப் வகை என்ஜின்களைப் பிரித்துப் பழகிய கைகள் அங்கே இருந்தன. அவர்கள் அந்தக் குவியலினூடே நடந்து, எதில் எது நன்றாயிருக்கிறது என்று பார்த்தார்கள். ஒன்றின் இறக்கை நலம். மற்றொன்றின் வால். வேறொன்றில், நான்கு என்ஜின்களில் ஒன்றில் மட்டும் மணல் விழவில்லை. ஒன்றை எழுப்ப இன்னொன்றிலிருந்து எடுத்தார்கள். பெங்களூருவுக்குப் பறந்து போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் அங்கே ஒட்டுப்போட்டார்கள். முழுச் செப்பம் தொழிற்சாலையில்.

கான்பூரிலிருந்து பெங்களூருவுக்கு வான்வழியே சுமார் 1,500 கிலோமீட்டர். ஒட்டுப்போட்ட அந்த விமானங்களை ஓட்டிச் சென்றவர் தொழிற்சாலையின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி. ஒன்றல்ல, இரண்டல்ல, சுமார் 40 லிபரேட்டர்கள் இப்படி மீண்டன. 1948 நவம்பரில் அவற்றைக் கொண்டு விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் அமைக்கப்பட்டது. பின்னர் 6-ஆம் ஸ்குவாட்ரன் கடற்கண்காணிப்புக்கு அவற்றை வைத்துக்கொண்டது. அவை 1968 வரை பறந்தன. இருபது ஆண்டுகள், அன்பானவர்களே. கொல்லப்பட்ட விமானங்கள் இருபது ஆண்டுகள் பறந்தன. எங்கள் மூப்பர் 1965-இல் படையில் சேர்ந்து புனேயில் இருந்த நாட்களில் அவற்றின் கடைசி நாட்களைக் கண்டிருக்கிறார்.

உலகில் மற்ற நாட்டார் தங்கள் லிபரேட்டர்களில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டிருந்தார்கள். அருங்காட்சியகத்தில் வைக்க ஒன்று வேண்டுமென்று தேடியபோது நம்மிடம் வந்தார்கள். லண்டனில் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர், 1974-இல் இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்தது; இங்கிருந்து தன் சொந்த என்ஜின்களாலேயே பறந்து போனது. அழித்தவர்களின் வாரிசுகளுக்கே அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்குச் சற்றுச் சிரிப்பு வருகிறது. கான்பூர்க் குவியலில் கிடந்த மற்றொன்று அமெரிக்காவுக்குப் போய், ஒரு தனியார் அறக்கட்டளையால் செப்பனிடப்பட்டு, 1989-இல் மீண்டும் பறந்தது.

கதை முடிந்ததும் அந்த இளைஞன் கேட்ட கேள்வி இதுதான்: “தாத்தா, அப்போ உறுப்பு கொடுத்த விமானம் என்ன ஆச்சு?”

நான் வியந்தேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை.

“அது பறக்கல தம்பி. ஆனா பறந்ததோட பதிவேட்டுல அதோட நம்பர் இருக்கும்” என்றார் மூப்பர்.

செஞ்சிக்காரர்களுக்கு இது ஓரளவு பழக்கமான செய்தியே. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைப் பார்த்திருக்கிறீர்களா? 1750 முதல் 1761 வரை எங்கள் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இங்கிருந்து கொண்டுபோன தூண்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். இங்கே கோயிலில் வெற்றிடம். அங்கே கடற்காற்றில் தூண். எங்கள் தூண்கள் என்று சொல்லிக்கொள்ளும்போது செஞ்சிப் பெரியவர்களின் குரலில் வருத்தமும் பெருமையும் சேர்ந்தே ஒலிக்கும்.

அன்று கிளம்புமுன் மூப்பர் அவனுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். பதினான்கு சிலிண்டர்களும் வரிசையாக வெடிப்பதில்லை. பின்வரிசையில் ஒன்று, முன்வரிசையில் ஒன்று என்று மாறி மாறி, எதிரெதிராக வெடிக்கும். அப்போதுதான் அதிர்வு சமப்படும். ஒன்று, பத்து, ஐந்து, பதினான்கு, ஒன்பது, நான்கு, பதின்மூன்று, எட்டு, மூன்று, பன்னிரண்டு, ஏழு, இரண்டு, பதினொன்று, ஆறு. ஒன்பதைக் கூட்டு, முடியாவிட்டால் ஐந்தைக் கழி, தவறவே தவறாது. தாம்பரத்தில் பயிற்சி பெற்றபோது வாய்ப்பாடுபோல் மனனம் செய்ததாம். அறுபது ஆண்டுகள் ஆகியும் அவருக்கு மறக்கவில்லை. இளைஞன் அடுத்த முறை வந்தபோது அதை ஒப்பித்தான். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாட வசனத்தை ஒருபோதும் முழுதாகச் சொல்லாதவன் அவன்.

எல்லாம் நேராகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். சில வாரங்கள் வந்தான். சில நாள் வரவில்லை. வராத நாளில் ஏன் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஜூன் மாதத்தில் பதினொரு நாள் தொடர்ச்சியாக வரவில்லை. அந்தத் தாய் மறுபடியும் என் வாசலுக்கு வந்தார். இம்முறை நான் எதுவும் சொல்லாமல் அவரோடு போய் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. மூப்பரின் நோட்டில் அந்த நாட்களுக்கெல்லாம் ஒரே குறிப்புதான் இருக்கிறது: எண்ணெய் ஊற்றப்பட்டது. ஆள் வரவில்லை. குறை சொல்லும் சொல் ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள்: ஆள் வந்தார். வந்தான் என்று எழுதவில்லை என்பதைக் கவனித்தேன்.

இடையில் ஒரு மாலையை நான் மறக்கமுடியாது. 2011-இல் வெளிநாட்டில் வாங்கப்பட்டு, இங்கிலாந்தில் செப்பனிடப்பட்டு, 2018-இல் நம் விமானப்படைக்கு அளிக்கப்பட்ட டகோட்டா ஒன்று இருக்கிறது. பரசுராமா என்று பெயர். டகோட்டா விமானியாக இருந்த தந்தையின் நினைவாக மகன் ராஜீவ் சந்திரசேகர் கொடுத்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் வீரர்களை இறக்கிய முதல் டகோட்டாவின் எண்ணை, வி.பி. 905, அதன்மீது எழுதியிருக்கிறார்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த வான்காட்சியில் டகோட்டா வந்தது. அன்று வெயிலில் வாடி உயிரிழந்தவர்களை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. எங்கள் சபை வாலிபர் சிலர் போயிருந்தார்கள். அவர்கள் செல்பேசியில் எடுத்த காட்சி ஒன்றை அந்த இளைஞன் தேடிப்பிடித்து மூப்பருக்குக் காட்டினான்.

படம் அவருக்குத் தெரியவில்லை. செல்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். கூட்டத்தின் கூச்சல், ஒலிபெருக்கி, குழந்தையின் அழுகை. அவற்றுக்கு அடியில், மிகத் தாழ்வாக, அந்த இரட்டை என்ஜின்களின் உறுமல். இருபது வினாடி இருக்கும். மறுபடி போடச் சொன்னார். நான்காம் முறை கேட்டபின் இளைஞனிடம், “ரெண்டும் ஒரே சுதியில ஓடுது. எவனோ நல்லா கவனிச்சிக்கிறான்” என்றார். அவருடைய விரல் மேசைமேல் ஏதோ வரிசையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, பத்து, ஐந்து, பதினான்கு என்று நான் மனத்துக்குள் எண்ணிப்பார்த்தேன். அந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அவருடைய பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். நல்லவர்கள். கொட்டகையை இடித்துவிட்டு, அப்பாவைத் தங்களோடு அழைத்துச் செல்லவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அதில் நியாயம் உண்டு. பொங்கலுக்குள் முடிவுசெய்யவேண்டும். உறுப்புகளைக் காயலாங்கடைக்கே திருப்பிப் போடலாமென்று மகன் சொன்னபோது மூப்பர் மறுப்புச் சொல்லவில்லை. நோட்டை மட்டும் எடைக்குப் போடாதே என்றார்.

சென்ற சனிக்கிழமை, ஞாயிறு ஆராதனைக்கான வேலைகளை முடித்துவிட்டு, இருட்டும் நேரத்தில் கொட்டகைக்குப் போனேன். மூப்பர் கயிற்றுக்கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தார். இளைஞன் இல்லை, வேலை முடித்துப் போயிருந்தான். சிலிண்டர் இன்னும் பாறையின் சூடு ஆறாமல் மேசைமேல் இருந்தது. ஒடிந்த இரண்டு தகடுகளின் இடத்தில், அரத்தால் முனை மழுக்கி, அந்த வெற்றிடம் அப்படியே விடப்பட்டிருந்தது. அருகில் தீப்பெட்டி. நோட்டுத் திறந்து கிடந்தது. கடைசிக் குறிப்பு மூப்பரின் கையெழுத்தில் இல்லை. எழுத்துகள் சற்றுப் பெரிதாக, கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கி இருந்தன.

எண்ணெய் ஊற்றப்பட்டது. மரச்சுத்தி, இரண்டு தட்டு. பிஸ்டன் மூன்று மில்லிமீட்டர் இறங்கியது. இரண்டு முறை அளந்தேன்.